டாக்டர் ஹூ தொடரின் இசை வரலாறு

டாக்டர் ஹூ, பிபிசி நிறுவனம் 1963 நவம்பர் 23 அன்று ஒளிபரப்பத் தொடங்கிய பிரித்தானிய அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடராகும். காலத்திலும் விண்வெளியிலும் பயணம் செய்யும் வேற்றுக்கோள்வாசியான 'டாக்டர்' இதன் நாயகர். அவருடைய உண்மைப் பெயர் தொடரில் வெளிப்படுத்தப்படவில்லை. சிறிய படப்பிடிப்பு அரங்கில், குறைந்த செலவில், கறுப்பு வெள்ளையில் உருவான தொடக்ககாலப் பகுதிகளில் வேற்றுலகை முழுமையாகக் காட்சியில் காட்ட இயலவில்லை. அந்தக் குறையை ஒலியே பெருமளவு ஈடுசெய்தது.

முகப்பிசையின் உருவாக்கம்

முகப்பிசையின் மெட்டை எழுதியவர் ஆஸ்திரேலியாவில் பிறந்த ரான் கிரெய்னர். அவர் கொடுத்தது சுருக்கமான இசைக்குறிப்பு மட்டுமே. சில இடங்களில் சுரங்களோடு 'மேகம்', 'காற்றுக் குமிழி' போன்ற சொற்களையும் எழுதியிருந்தார். அதைக் கேட்கக்கூடிய இசையாக்கியவர் டெலியா டெர்பிஷயர் (1937–2001). கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் பயின்ற அவர் டெக்கா இசைத்தட்டு நிறுவனத்தில் வேலை கேட்டபோது, ஒலிப்பதிவுக் கூடத்தில் பெண்களை அமர்த்துவதில்லை என்று மறுக்கப்பட்டார். 1960இல் பிபிசியில் சேர்ந்து, 1962இல் அதன் ரேடியோஃபோனிக் ஒர்க்‌ஷாப் பிரிவுக்கு மாறினார். வானொலி நாடகங்களுக்குப் புதுவகை ஒலிகளை உருவாக்க 1958இல் லண்டன் மைடா வேலில் தொடங்கப்பட்ட பிரிவு அது.

அன்று சின்தசைசர் கடைகளில் கிடைக்காது. டெர்பிஷயரும் உதவியாளர் டிக் மில்சும் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே தயாரித்தனர். மீட்டிய ஒற்றைக் கம்பியின் ஓசையிலிருந்து கீழ்ச்சுர வரிசை பிறந்தது. மின் அலையியற்றிகளின் ஒலி மெட்டாயிற்று. வடிகட்டிய இரைச்சல் சீறலாயிற்று. ஒலிநாடாவை இருமடங்கு வேகத்தில் ஓட்டினால் சுரம் ஒரு ஸ்தாயி உயரும். அதன் நேரம் பாதியாகும். இந்தக் கணக்கைக் கொண்டு சுரங்களை உருவாக்கி, நாடாவை வேண்டிய நீளத்துக்கு வெட்டி ஒட்டினர். பலதட ஒலிப்பதிவுக் கருவி இல்லாததால், பல நாடாக்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டுக் கலந்தனர். ஒருமுறை பிழையான ஒட்டு எங்கே என்று கண்டறிய, நாடாக்களைக் கட்டடத்தின் நீண்ட நடைவழியில் விரித்து ஒப்பிட்டுப் பார்த்ததாக மில்ஸ் நினைவுகூர்ந்துள்ளார்.

உணர்வும் கதாபாத்திரமும்

வயலினைக் கேட்டால் வாசிப்பவரை மனத்தில் காண்கிறோம். இந்த முகப்பிசையிலோ எந்தக் கருவி ஒலிக்கிறது என்பதே புலப்படுவதில்லை. அதனால் கதை தொடங்குமுன்பே வியப்பும் மெல்லிய அச்சமும் எழுகின்றன. நாயகரின் புதிர்த்தன்மைக்கும் அது பொருந்துகிறது.

டாக்டரின் கால ஊர்தியான டார்டிஸ் கிளம்பும் ஓசையை, பழைய பியானோவின் கம்பிகள்மீது வீட்டுச் சாவியை இழுத்து உருவாக்கினார் பிரையன் ஹாட்ஜ்சன். டாலெக் எனும் பகைவர்களின் கரகரத்த குரல், நடிகரின் பேச்சை ரிங் மாடுலேட்டர் வழியே செலுத்திப் பெறப்பட்டது. மனிதக் குரலில் இருந்து கனிவை அகற்றியதே அப்பாத்திரத்தின் கொடுமையை உணர்த்தியது. டாலெக்குகள் தோன்றிய முதல் கதைக்கு டிரிஸ்ட்ரம் கேரி மின்னணு இசை அமைத்தார்.

பிற்கால மாற்றங்கள்

1980இல் பீட்டர் ஹவெல் முகப்பிசையை சின்தசைசர்களைக் கொண்டு மறுஆக்கம் செய்தார். 1989இல் நின்றுபோன தொடர் 2005இல் மீண்டபோது, இசையமைப்பாளர் மர்ரே கோல்ட் பழைய மின்னொலிகளைத் தக்கவைத்து அவற்றோடு இசைக்குழுவின் ஒலியைச் சேர்த்தார். கதாபாத்திரங்களுக்குத் தனித்தனி மெட்டுகளும் அமைத்தார். டாக்டரின் தனிமையைச் சொல்லற்ற பெண் குரல் உணர்த்தியது. பதினொன்றாம் டாக்டரின் துடிப்பை, நம் மிசிர சாபு போல் ஏழு எண்ணிக்கையில் ஓடும் மெட்டு காட்டியது. முன்பு ஒலி உலகின் விநோதத்தைச் சொன்னது; இப்போது இசை பாத்திரங்களின் மனத்தைச் சொல்லத் தொடங்கியது.

பெயர் பெறாத உழைப்பு

டெர்பிஷயரின் ஆக்கத்தைக் கேட்டு வியந்த கிரெய்னர், தமது உரிமைத்தொகையில் அவருக்குப் பங்கு தர விரும்பினார். ஒர்க்‌ஷாப் ஊழியர்கள் பெயர் குறிப்பிடப்படாமல் பணியாற்ற வேண்டும் என்ற பிபிசியின் நடைமுறை அதற்கு இடம்தரவில்லை. திரையில் கிரெய்னரின் பெயரும் பிரிவின் பெயருமே இடம்பெற்றன. டெர்பிஷயர் 1973இல் பிபிசியிலிருந்து விலகினார், 2001இல் மறைந்தார். அவர் வீட்டுப் பரணில் இருந்த 267 ஒலிநாடாக்கள் பின்னர் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் பொறுப்புக்கு வந்தன. தொடரின் ஐம்பதாம் ஆண்டுச் சிறப்புப் பகுதியில், 2013 நவம்பர் 23 அன்று, முகப்பிசைக்காக அவர் பெயர் முதன்முறையாகத் திரையில் இடம்பெற்றது. அப்போது அவர் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன.