மாணவர்களுக்கென்று தனி ஆம்புட்ஸ்மேன் தேவையா?

வங்கி ஒரு வாடிக்கையாளரின் புகாரைக் கண்டுகொள்ளவில்லை என்றால் அவர் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். ரிசர்வ் வங்கி 1995-ல் தொடங்கிய ஏற்பாடு இது. அந்த அதிகாரியை நியமிப்பது ரிசர்வ் வங்கிதான், புகாருக்கு ஆளான வங்கி அல்ல. வங்கிக்கு இருப்பது கல்லூரிக்கும் வேண்டாமா?

ஆம்புட்ஸ்மேன் என்ற சொல் சுவீடனில் இருந்து வந்தது. அரசு அதிகாரிகள் மீதான புகார்களை விசாரிக்க அந்நாட்டு நாடாளுமன்றம் 1809-லேயே இப்பதவியை உருவாக்கியது. கல்லூரி வளாகத்துக்கு இது வர 150 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1965-ல் கனடாவின் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில் இதைத் தொடங்கியது நிர்வாகம் அல்ல, மாணவர்கள்!

இந்தியாவில் யு.ஜி.சி. 2012-ல் இதற்கு விதிகள் வகுத்தது. 2019-ல் அவற்றை மாற்றியது. 2023 ஏப்ரலில் மீண்டும் புதிய விதிகள் வந்தன. அசல் சான்றிதழைத் திருப்பித் தராதது, கூடுதல் கட்டணம், தேர்வு முடிவில் தாமதம் போன்றவை எல்லாம் இதில் அடங்கும். முதலில் கல்லூரியின் குறைதீர்ப்புக் குழுவிடம் புகார் தர வேண்டும். அதன் முடிவில் திருப்தி இல்லையென்றால் 15 நாட்களுக்குள் ஆம்புட்ஸ்மேனிடம் மேல்முறையீடு செய்யலாம். அவர் 30 நாட்களுக்குள் தீர்க்க முயல வேண்டும்.

விதி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2024 ஜூனில் யு.ஜி.சி. வெளியிட்ட பட்டியலின்படி 157 பல்கலைக்கழகங்கள் ஆம்புட்ஸ்மேனை நியமிக்கவே இல்லை.

நியமித்த இடத்திலும் ஒரு சிக்கல் உண்டு. அவரைத் தேர்ந்தெடுப்பதும், அவருக்கான படியை நிர்ணயிப்பதும் பல்கலைக்கழகமே. பெரும்பாலும் ஓய்வுபெற்ற துணைவேந்தர், பேராசிரியர் அல்லது மாவட்ட நீதிபதி இப்பதவிக்கு வருவார். பல்கலைக்கழகத்தோடு அவருக்கு நடுநிலையைப் பாதிக்கும் தொடர்பு இருக்கக் கூடாது என்று விதி சொல்கிறது. அனுபவசாலிகள்தான், மறுப்பதற்கில்லை. ஆனாலும் ரிசர்வ் வங்கி முறையில் உள்ள இடைவெளி இதில் இல்லை. கல்லூரிக் குழுவிலும் மாணவர் ஒருவர் சிறப்பு அழைப்பாளர் மட்டுமே, அவரும் நியமிக்கப்படுபவர்தான். போதாததற்கு, பொய்ப் புகார் என்று தெரிந்தால் புகார் கொடுத்தவர் மீதே நடவடிக்கைக்குப் பரிந்துரைக்கலாம்.

அருள்புரத்தில் பனியன் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கும் ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். பிள்ளையின் சான்றிதழ் கல்லூரியில் முடங்கினால் கிடைக்க வேண்டிய வேலை போய்விடும். திருப்பூர் மாவட்டக் கல்லூரிகள் பலவும் பாரதியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. அந்தக் கல்லூரிகளில் படிப்பவர்களின் மேல்முறையீடு கோயம்புத்தூர் வரை போயாக வேண்டும். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் போகிறவருக்கு, எதிரில் உட்கார்ந்திருப்பவர் நடுநிலையானவர் என்ற நம்பிக்கையாவது வேண்டும்.

ஆகவே தனி ஆம்புட்ஸ்மேன் கட்டாயம் தேவை. அவரை நியமிப்பது மட்டும் பல்கலைக்கழகமாக இருக்கக் கூடாது.