அணைக் கொடுவாவின் தூண்டில்

குயின்ஸ்லாந்து அணைகளில் கொடுவா பிடிக்கப் புறப்படுகிறவர் யாரிடம் யோசனை கேட்டாலும் ஏறக்குறைய ஒரே பட்டியல்தான் கிடைக்கும். 30 முதல் 50 பவுண்டு தாங்கும் பின்னல் நரம்பு. அதன் முனையில் 60 அல்லது 80 பவுண்டு தாங்கும் தடித்த லீடர். பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் நீளமுள்ள செயற்கை இரை. அதில் கம்பெனி மாட்டிய முட்களைக் கழற்றி எறிந்துவிட்டுப் பூட்டிய கனத்த மும்முனை முட்கள். இதே மீனை இதே மாநிலத்தின் கழிமுகங்களில் பிடித்துப் பழகிய முந்தைய தலைமுறையிடம் இந்தப் பட்டியலை நீட்டியிருந்தால், சுறாவுக்கா போகிறாய் என்று சிரித்திருப்பார்கள். இடையில் என்ன நடந்தது என்றால், பொருட்கள் முன்னேறிவிட்டன, அவ்வளவுதான் என்பது பொதுவான பதில். அந்தப் பதில் பாதிதான் சரி. இந்தப் பட்டியலின் பெரும்பகுதியை எழுதியவர்கள் தூண்டில்காரர்களும் அல்ல, தூண்டில் கடைக்காரர்களும் அல்ல. நீர்த்தேக்கத்துக்குள் மரங்களை வெட்டாமல் மூழ்கவிட்ட பாசனப் பொறியாளர்களும், இனம் பெருக்க முடியாத நன்னீரில் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்ட மீன்வளத் துறையினருமே எழுதினார்கள்.

ஆஸ்திரேலியர்கள் பாரமுண்டி என்று கொண்டாடுவது நம் கழிமுகங்களில் கிடைக்கும் அதே கொடுவாவைத்தான். இந்த மீன் நன்னீரில் வளரும், ஆனால் முட்டையிட உப்புநீருக்குப் போயாக வேண்டும். பிறக்கும்போது எல்லாம் ஆண். சில ஆண்டுகள் ஆணாக இருந்துவிட்டு, ஏறக்குறைய எண்பது தொண்ணூறு சென்டிமீட்டர் நீளத்தைத் தாண்டும் கட்டத்தில் பெண்ணாக மாறிவிடும். ஆக, கடலுக்கு வழியில்லாத அணையில் நீந்தும் ஒவ்வொரு கொடுவாவும் மனிதர் கொண்டுவந்து விட்டதுதான். அதற்குச் செயற்கை முறைக் குஞ்சு உற்பத்தி கைகூட வேண்டியிருந்தது. 1970-களின் தொடக்கத்தில் தாய்லாந்தின் சோங்க்லாவில் அது கைகூடியது. அந்த வித்தை குயின்ஸ்லாந்துக்குப் போனது 1980-களில். (சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் இதைச் சாதித்தது 1990-களின் பிற்பகுதியில்.) 1980-களின் நடுவில் முதல் குஞ்சுகள் விடப்பட்ட இடங்களில் முக்கியமானது டினாரூ அணை. பாரன் ஆற்றின் குறுக்கே 1958-இல் கட்டி முடிக்கப்பட்ட அது, மரீபா, டிம்புலா பகுதிப் புகையிலை வயல்களுக்காக எழுந்தது. அதைத் திட்டமிட்டவர்களின் மனதில் மீன் என்ற நினைப்பே இருந்திருக்க முடியாது. பிறகு அவூங்கா, மொண்டூரன், ப்ராசர்பைனை ஒட்டிய பீட்டர் ஃபாஸ்ட், மெக்கே நகரை ஒட்டிய டீம்பரா, கின்சாண்ட் என்று வரிசை நீண்டது. ஒன்று கிளாட்ஸ்டனின் அலுமினா ஆலைக்கும் மின்நிலையத்துக்கும் தண்ணீர் தருவது, இன்னொன்று கரும்புக்கு. மீன் எல்லாவற்றிலும் பின்னால் வந்த விருந்தாளி.

அணைகளில் மீன் வருவதற்கு முன்பிருந்த கருவிகள் ஆற்றுக்கு ஏற்றவை. கழிமுகத்தில் ஓதம் ஏறி இறங்கும்போது கொடுவா தானாகவே இடம் மாறி வரும். ஓடை வாயில் காத்திருந்தால் போதும். கையில் சுற்றிய நைலான் நரம்பில் உயிர் மடவையைக் கோத்துப் போட்டே பலர் பிடித்தார்கள். கோலும் ரீலும் வைத்திருந்தவர்களிடம் ஸ்வீடனின் ஆபு அம்பாசடர் உருளை ரீலும், ஆறு முதல் பத்து கிலோ தாங்கும் நைலானும் இருந்தன. செயற்கை இரையோ பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்கு. ஃபின்லாந்தில் பைக் மீனை நினைத்துச் செய்த நில்ஸ்மாஸ்டர் ஸ்பியர்ஹெட், அமெரிக்காவில் பாஸ் மீனுக்காகச் செய்த பொன்னிறப் பாம்பர் ஆகியவை ஆஸ்திரேலிய வடக்கின் ஆறுகளில் புகழ் பெற்றது விந்தைதான், ஆனால் அவை அங்கே நன்றாகவே வேலை செய்தன. காரணம் எளிது. ஆற்றில் பெரிதும் மாட்டியவை இன்னும் ஆணாக இருக்கும் நடுத்தர மீன்கள். பெருத்த பெண் மீன்கள் இல்லாமல் இல்லை. வலையும் தூண்டிலும் வெள்ளமும் கடந்து அந்த வயதை எட்டியவை குறைவு.

அணையில் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. வணிக வலை கிடையாது, கடலுக்கு இறங்கும் வழியும் கிடையாது. எலும்பு பிரீம் எனப்படும் வெள்ளி நிற இரைமீன் மட்டும் கூட்டம் கூட்டமாக உண்டு. விட்ட குஞ்சில் தப்பியவை ஆற்று மீனைவிட வேகமாகக் கொழுத்து, பெண்ணாகி, மீட்டர் அளவைத் தாண்டி நின்றன. ஒரே ஆண்டில் விட்டவை ஒரே அளவில் வளர்வதால் அணை முழுக்கப் பெரிய மீனாகவே இருந்த காலங்களும் உண்டு. 1999-இல் டினாரூவில் 37.85 கிலோ மீன் ஒன்று பிடிபட்டது. 2010 செப்டம்பரில் மொண்டூரனில் 44.64 கிலோ மீன் ஒன்று அந்த உலகச் சாதனையை முறியடித்தது. ஆற்று மீனுக்கென்று வடித்த முள் இந்த எடையின் முன் நிற்கவில்லை. சண்டை முடிந்து திரும்பி வந்த இரையைக் கையில் எடுத்துப் பார்த்தால் கதை தெரியும்: மும்முனை முள்ளின் ஒரு கொக்கி ஆணி போல நிமிர்ந்திருக்கும், இரையோடு அதை இணைக்கும் இரட்டைச் சுற்று வளையம் வாய் பிளந்து நீள்வட்டமாகியிருக்கும். லீடரின் கடைசி முழத்தை விரலால் தடவினால் உப்புத்தாள் தேய்த்தது போலச் சொரசொரக்கும். கொடுவாவுக்கு வெட்டும் பல் இல்லை, அரமாகத் தேய்க்கும் தாடை உண்டு; போதாததற்குச் செவுள் மூடியின் விளிம்பு கத்தி போலக் கூர். கனத்த லீடர் கேட்பது மீனின் எடைக்காக அல்ல, இந்தத் தேய்ப்புக்காக.

அடுத்தது மரம். பெரிய நீர்த்தேக்கத்தின் பள்ளத்தாக்கு முழுவதையும் வெட்டித் துப்புரவாக்குவது செலவு பிடித்த வேலை. பல இடங்களில் செய்யவில்லை. 1990-இல் முடிந்த பீட்டர் ஃபாஸ்ட் அணையிலும் டீம்பராவிலும் செத்த யூகலிப்டஸ் மரங்கள் காடாகவே தண்ணீருக்குள் நிற்கின்றன. கொடுவா அந்த மரத்தடியில்தான் ஒதுங்கும், முள் பட்டதும் அங்கேதான் பாயும். இங்கே நைலானின் குணம் எதிரியாகிறது. அறுபடும் அளவுக்கு இழுத்தால் அது இருபது சதவீதத்துக்கு மேலும் நீளக்கூடியது. இருபது மீட்டர் தூரத்தில் மீன் மாட்டினால், தூண்டில்காரர் விசையை முழுதாக இறுக்கியபோதும் மீனுக்கு இரண்டு மூன்று மீட்டர் இலவசமாகக் கிடைக்கிறது. மரம் ஒன்றரை மீட்டரில் இருந்தால் ஆட்டம் அத்தோடு முடிந்தது. திறந்த ஆற்று நடுவில் அந்த நீட்சி குறையல்ல, முள் பிய்த்துக்கொண்டு வராமல் காக்கும் மெத்தென்ற தாங்கல். ஒரே பொருளின் ஒரே குணம் ஓரிடத்தில் நன்மை, இன்னோரிடத்தில் நஷ்டம். எது எது என்று தீர்மானித்தது மூழ்கிய காடு.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். பின்னல் நரம்பு அணைக் கொடுவாவுக்காகக் கண்டுபிடிக்கப்பட்டதல்லவே. குண்டு துளைக்காத அங்கிக்கும் கப்பல் கயிற்றுக்கும் போன டைனீமா, ஸ்பெக்ட்ரா இழைகள் 1990-களின் தொடக்கத்தில் உலகமெங்கும் தூண்டில் நரம்பாக வந்தன. அணையே இல்லாவிட்டாலும் அவை வடக்கு ஆஸ்திரேலியாவை எட்டியிருக்கும், ஆறுகளிலும் இன்று எல்லோரும் அதைத்தான் சுற்றுகிறார்கள். உண்மைதான். ஆனால் பின்னல் நரம்பு ஒரு வாய்ப்பைக் கொடுத்தது, எவ்வளவு கனத்தில் வேண்டும் என்பதை அது சொல்லவில்லை. ஆற்று ஓரத்தில் அதே இழையை மெலிதாகச் சுற்றித் தூரமாக வீசுகிறார்கள். அணையில்தான் 50 பவுண்டு வரை போகிறார்கள். மேலும், நீளாத நரம்பு வந்ததும் வலுவெல்லாம் வளையத்துக்கும் முள்ளுக்கும் கோலின் முதுகுக்கும் நேரடியாகப் போய்ச் சேர்ந்தது. நைலானின் நீட்சி அதுவரை மறைத்துவந்த பலவீனங்கள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. நரம்பு மட்டும் மாறியிருந்தால் தொழில்நுட்பத்தின் கதை என்று விட்டுவிடலாம். முள், வளையம், முடிச்சு, லீடர் என்று சங்கிலியின் எல்லாக் கண்ணியும் ஒரே சமயத்தில் தடித்ததற்குக் கடைக்கு வெளியே காரணம் தேட வேண்டும்.

கின்சாண்டையும் பீட்டர் ஃபாஸ்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளியும். இரண்டும் ஒரே வட்டாரம், மீனும் ஒன்று, ஆட்களும் கடைகளும் பெரும்பாலும் அதே. கின்சாண்டில் மரம் குறைவு, நீர்த்தாவரப் படுகைகள் அதிகம். அங்கே போகிறவர் தேடுவது முள் உடலுக்குள் ஒளிந்திருக்கும், பாசியில் மாட்டாத மென்பிளாஸ்டிக் மீனை. அதைத் தாவர விளிம்பை ஒட்டி மெல்ல இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுப்பார்கள். ஃபாஸ்டிலோ மரங்களுக்கு நடுவே குறிபார்த்து வீசி, அதே இடத்தில் தண்ணீருக்குள் மிதந்து நிற்கும் கட்டை இரைக்கு மதிப்பு அதிகம். மேலே எழும்பினாலும் கீழே அமிழ்ந்தாலும் அது மீனின் முகத்தைவிட்டு விலகிவிடும். பெரிய மீன் பல சமயம் இரை நகரும்போது அல்ல, நின்ற பிறகுதான் வாயைத் திறந்து உறிஞ்சும். நாகரிகமும் விளம்பரமும்தான் பட்டியலை எழுதுகின்றன என்றால், ஒரு கார்ப் பயணத் தொலைவுக்குள் இரண்டு பட்டியல் ஏன்? இதைச் சொல்லும்போதே, விளம்பரத்துக்குப் பங்கே இல்லை என்று சாதிக்கவும் முடியாது. நிறத்தைப் பொறுத்தவரை கடைக்காரர் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை: இரவில் கலங்கல் தண்ணீரில் இரையின் முதுகு பொன்னா பச்சையா என்பது வாங்குகிறவரைப் பிடிக்கும் தூண்டில்.

அணையைக் காரணம் காட்டும் வாதத்துக்கு வேறொரு சான்று சட்டத்திலேயே இருக்கிறது. குயின்ஸ்லாந்தின் கிழக்குக் கரையில் நவம்பர் தொடங்கி பிப்ரவரி முதல் நாள் வரை, இனப்பெருக்கக் காலம் என்பதால் கொடுவா பிடிக்கத் தடை. குறிப்பிட்ட அணைகளுக்கு அந்தத் தடை இல்லை. ஆற்றில் 58 சென்டிமீட்டருக்குக் குறைந்ததையும் 120-ஐத் தாண்டியதையும் விட்டுவிட வேண்டும். பட்டியலிட்ட அணைகளில் 120-ஐத் தாண்டிய ஒன்றை வைத்துக்கொள்ளலாம். 2000-இல் வந்த உரிமச் சீட்டுத் திட்டத்தின்படி, அணையில் தூண்டில் போடுகிறவர் கட்டும் பணத்தின் பெரும்பகுதி மீண்டும் குஞ்சு வாங்கி விடவே போகிறது. அணைக் கொடுவா இயற்கை வளம் அல்ல, காசு கொடுத்து இட்ட விளைச்சல் என்று அரசே ஒப்புக்கொண்ட ஏற்பாடு இது. வேனிற்காலத்தின் வெதுவெதுப்பான இரவுகளில், காற்று மேல்நீரைத் தள்ளிச் சேர்க்கும் கரையில், பெரிய மீன்கள் இரை தேடும் பருவத்திலேயே அணை தூண்டிலுக்குத் திறந்திருப்பதால்தான் அந்தக் கனத்த கருவிக்கு வேலை வந்தது.

இந்த ஏற்பாட்டுக்குக் கடுமையான சோதனை 2010 இறுதியில் தொடங்கிய பெருவெள்ளம். மொண்டூரனில் சாதனை மீன் பிடிபட்டுச் சில மாதங்களுக்குள் மொண்டூரனும் அவூங்காவும் கலிங்கு வழியாகப் பொங்கி வழிந்தன. ஆயிரக்கணக்கான பெரிய கொடுவாக்கள் சுவரைத் தாண்டி விழுந்தன. பல அடிபட்டுச் செத்தன. பிழைத்தவை கோலன் ஆற்றிலும், பாய்ன் ஆற்று வழியே கிளாட்ஸ்டன் துறைமுகத்திலும் போய்ச் சேர்ந்து, வணிக வலைகளிலும் மாட்டின. அணைகளில் குஞ்சு விடுவதை மறுபடி தொடங்க வேண்டியிருந்தது, மீட்டர் மீன் மறுபடி கிடைக்க ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த இடைக்காலத்தில் 80 பவுண்டு லீடரைக் கட்டிக்கொண்டு அங்கே போனவருக்கு அது அளவுக்கு மிஞ்சிய கருவி. எனவே பயணம் திட்டமிடுகிறவர் கடைக்குப் போகுமுன் கேட்க வேண்டியவை இரண்டு: அந்த அணையில் எந்த ஆண்டுகளில் குஞ்சு விட்டார்கள், கடைசியாகக் கலிங்கு எப்போது வழிந்தது. சுவருக்கு மேலே பிடித்து வைத்துக்கொள்ள முடிந்த 120 சென்டிமீட்டர் தாண்டிய பெண் மீன், சுவருக்குக் கீழே ஆற்றில் அகப்பட்டால் முட்டையிடும் தாய் மீனாகக் கணக்காகிறது. அங்கே சட்டப்படி அதைத் திருப்பி விட்டுவிட வேண்டும்.