மூக்கு வழியாக ஒரு பாதை: தொலைந்து போய்த் திரும்பக் கிடைத்த கதை

மூளைப் பக்கம் கட்டி என்றாலே தலையைத் திறந்துதான் ஆபரேஷன் செய்வார்கள் என்று நானும் நினைத்துக் கொண்டிருந்தேன். ஆனால் ஆபரேஷன் தேவைப்படும் பிட்யூட்டரி கட்டிகளில் பெரும்பாலானவற்றை இன்று மூக்குத் துவாரம் வழியாகவே எடுத்துவிடுகிறார்கள். இந்த முறை வந்த கதை எனக்குப் பிடித்துப் போனது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். மண்டையோட்டின் அடித்தளத்தில், நடுவே, குதிரைச் சேணம் போன்ற ஒரு சிறு பள்ளம் இருக்கிறது. அதில் உட்கார்ந்திருப்பது பட்டாணி அளவுள்ள பிட்யூட்டரி சுரப்பி. மேலே பார்வை நரம்புகள், இரு பக்கமும் மூளைக்கு ரத்தம் கொண்டு போகும் பெரிய தமனிகள். கீழே மட்டும் ஸ்பீனாய்டு என்ற வெற்றுக் காற்றறை, அதற்கு முன்னால் மூக்கு. கட்டி வளர்ந்து மேலே அழுத்தினால் பக்கவாட்டுப் பார்வை மங்கும். வளர்ச்சி ஹார்மோன் அதிகமாகச் சுரந்தால் கை, கால், தாடை பெரிதாகும். இந்த நோய்க்கு அக்ரோமெகலி என்று 1886-இல் பெயர் வைத்தவர் பிரான்ஸ் நாட்டு மருத்துவர் பியர் மேரி.

1907-இல் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் நகரில் ஹெர்மன் ஷ்லோஃபர், மூக்கை ஒரு பக்கமாக வெட்டித் திருப்பி, அந்த வழியே பிட்யூட்டரி கட்டியை முதன்முதலாக எடுத்தார். நோயாளி சில மாதங்களில் இறந்துபோனார். 1910-இல் வியன்னாவின் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஆஸ்கர் ஹிர்ஷ், முகத்தில் வெட்டே இல்லாமல், மூக்குக்குள்ளேயே மரத்துப்போக மருந்து கொடுத்து இதைச் செய்து காட்டினார்.

அதே காலத்தில் அமெரிக்காவில் ஹார்வி குஷிங் மேல் உதட்டுக்கு அடியில் வெட்டி உள்ளே போனார். 1910 முதல் 1925 வரை 231 பேருக்குச் செய்தார். இறந்தவர்கள் 5.6 சதவீதம்தான். ஆன்டிபயாடிக் இல்லாத காலத்தில் இது பெரிய சாதனை.

ஆனால் 1920-களின் இறுதியில் குஷிங்கே இந்த வழியைக் கைவிட்டார். ஆழமான குறுகிய துளையில் வெளிச்சம் போதவில்லை. தலையைத் திறந்தால் பார்வை நரம்பை நேரில் பார்த்து அழுத்தத்தை நீக்கலாம். அவர் விட்டதும் மற்றவர்களும் விட்டார்கள். குருவே வேண்டாம் என்றால் யார் தொடர்வார்கள்?

தொடர்ந்தவர்கள் ஒரு சிலரே. ஹிர்ஷ் விடவில்லை. 1938-இல் நாஜிகளிடமிருந்து தப்பி பாஸ்டன் போன பிறகும் அதையே செய்தார். இன்னொருவர் குஷிங்கிடம் பயிற்சி பெற்ற நார்மன் டாட். எடின்பரோ திரும்பிய அவர், கருவியிலேயே விளக்கைப் பொருத்தி அமைதியாகத் தொடர்ந்தார். 1956-இல் அவரிடம் வந்து பார்த்துக் கற்றுக்கொண்டார் பாரீஸின் ஜெரார் கியோ. ஆபரேஷன் நடக்கும்போதே எக்ஸ்ரே திரையில் கருவி எங்கே இருக்கிறது என்று பார்க்கும் முறையைச் சேர்த்தார். கியோவிடம் கற்ற மாண்ட்ரியலின் ஜூல் ஹார்டி, 1960-களில் மைக்ரோஸ்கோப்பைக் கொண்டுவந்தார். சுரப்பியைக் காப்பாற்றி, சில மில்லிமீட்டர் கட்டியை மட்டும் எடுக்க முடிந்தது. இதற்குள் ஆன்டிபயாடிக்கும் கார்டிசோனும் வந்துவிட்டன. பழைய பயங்கள் பாதி தீர்ந்தன.

அடுத்தது எண்டோஸ்கோப். 1997-இல் பிட்ஸ்பர்க்கின் ஜோ, கராவ் இருவரும் 50 நோயாளிகளின் அனுபவத்தை வெளியிட்டார்கள். ஒருவர் நரம்பியல் சர்ஜன், மற்றவர் காது மூக்கு தொண்டை சர்ஜன். ஆனால் பெரிய ஓட்டை போட்டால் மூளைத் தண்டுவட நீர் மூக்கில் கசியும், மூளைக்காய்ச்சல் வரும். 2006-இல் வெளியான ஒரு முறை இதை வெகுவாகக் குறைத்தது. மூக்கின் நடுச்சுவரின் சவ்வை, ரத்த ஓட்டத்தோடு உரித்துத் திருப்பி ஓட்டையின் மேல் ஒட்டவைப்பதுதான் அது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எல்லாப் பிட்யூட்டரி கட்டிக்கும் ஆபரேஷன் தேவையில்லை. புரோலாக்டின் சுரக்கும் கட்டிகள் பெரும்பாலும் மாத்திரையிலேயே சுருங்கிவிடும். சில பெரிய கட்டிகளுக்கு இன்றும் தலையைத் திறக்கத்தான் வேண்டும்.

குஷிங் செய்தது தவறு என்று நான் சொல்லவில்லை. அன்றைய வெளிச்சத்தில் அது நியாயமான முடிவு. குறை பாதையில் இல்லை, விளக்கில்தான் இருந்தது. அதைப் புரிந்துகொண்டு, குருவை மதித்துக்கொண்டே அவர் விட்டதைப் பிடித்துக்கொண்ட ஒரு மாணவர் இருந்தார். இன்று எத்தனையோ பேர் தலையில் தழும்பு இல்லாமல் வீடு திரும்புவதில் அவருக்கும் பங்கு உண்டு.