வானிலிருந்து விழுந்த கல்லும் நாம் சுமந்து செல்லும் செய்தியும்

 

2016ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். குந்தாரப்பள்ளியில் மாலைநேர மக்தபுக்கு வந்த ஒரு சிறுவன், கைக்குட்டையில் பொதிந்திருந்த கருங்கல் ஒன்றை என்முன் வைத்தான். "ஹஜ்ரத், இது வானத்திலிருந்து விழுந்தது. காந்தம்கூட ஒட்டுகிறது, பாருங்கள்" என்றான். அந்நாள்களில் நம் வட்டாரம் முழுவதும் இதே பேச்சுதான்.

காரணம், பிப்ரவரி 6, சனிக்கிழமையன்று நாட்றம்பள்ளி அருகே நிகழ்ந்த துயரம். கிருஷ்ணகிரியிலிருந்து வாணியம்பாடி செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள ஊர் அது. அன்று வேலூர் மாவட்டம், இன்று திருப்பத்தூர் மாவட்டம். அங்குள்ள பொறியியல் கல்லூரி வளாகத்தில் பேரோசையுடன் ஏதோ வெடித்தது. கண்ணாடிகள் நொறுங்கின, தரையில் ஒரு பள்ளம் உண்டாயிற்று. பேருந்து ஓட்டுநர் ஒருவர் உயிரிழந்தார், மூவர் காயமுற்றனர். விண்கல் விழுந்ததே காரணம் என்று அன்றைய முதல்வர் ஜெயலலிதா அறிக்கை வெளியிட்டு, இறந்தவர் குடும்பத்திற்கு ஒரு லட்சம் ரூபாய் நிதியுதவி அறிவித்தார். ஆனால் வெளியான படங்களைப் பார்க்கையில் அது நிலத்திலேயே நிகழ்ந்த வெடிப்பைப் போன்றே தோன்றுகிறது என அமெரிக்காவின் நாசா அறிவியலாளர்கள் கூறினர்.

வானிலிருந்து கல் விழுமா என்ற கேள்வியே ஒரு காலத்தில் நகைப்புக்கு இடமாயிருந்தது. 1794இல் ஜெர்மானிய அறிஞர் கிளாட்னி, இக்கற்கள் விண்வெளியிலிருந்தே வருகின்றன என்று எழுதியபோது பலரும் ஏற்கவில்லை. 1803 ஏப்ரல் 26 அன்று பிரான்சின் லேகிள் ஊரில் ஏறத்தாழ மூவாயிரம் கற்கள் பொழிந்தன. பியோ என்ற அறிவியலாளர் நேரில் சென்று, ஊராரின் சாட்சியங்களைத் திரட்டி, கற்களையும் ஒப்புநோக்கி அறிக்கை தந்தார். அதன் பிறகே ஐரோப்பிய அறிவுலகம் இதனை ஏற்றது.

அதற்கு ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்கு முன்பே நம் நாட்டில் அத்தகைய விசாரணை ஒன்று நடந்திருக்கிறது. 1621 ஏப்ரலில் ஜலந்தர் பகுதிக் கிராமம் ஒன்றில் பேரிரைச்சலோடு ஓர் ஒளி இறங்கியது. அப்பகுதி அதிகாரி முஹம்மது சயீத் உடனே அவ்விடம் சென்று நிலத்தைத் தோண்டச் செய்தார். சூடு தணியாத இரும்புக் கட்டி ஒன்று கிடைத்தது. அதனைப் பையிலிட்டு முத்திரை வைத்து அரசவைக்கு அனுப்பினார். பேரரசர் ஜஹாங்கீர் அதனைத் தம் முன்னிலையிலேயே எடை போடச் செய்தார். 160 தோலா, அதாவது ஏறத்தாழ 1.9 கிலோ. உஸ்தாத் தாவூத் என்ற கொல்லர் அதனை அடித்தபோது அது சிதறியது. பின்னர் மூன்று பங்கு வான் இரும்புடன் ஒரு பங்கு சாதாரண இரும்பைக் கலந்து இரு வாள்களும் ஒரு குத்துவாளும் ஒரு கத்தியும் செய்தார். ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்புகளில் இவற்றைப் பதிந்துள்ளார். அந்தக் கத்தி இன்று வாஷிங்டனில் ஃப்ரீயர் கலைக்கூடத்தில் உள்ளது.

விண்கல்லால் மனிதர் இறந்ததாகவும் ஒரு பதிவு உண்டு. 1888 ஆகஸ்ட் 22 அன்று இன்றைய இராக்கின் சுலைமானியாவில் வானிலிருந்து விழுந்தவை ஒருவரைக் கொன்றன, மற்றொருவரை முடமாக்கின. உள்ளூர் அதிகாரிகள் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீதின் அரசுக்கு எழுதிய கடிதங்களைத் துருக்கிய ஆவணக் காப்பகத்திலிருந்து கண்டெடுத்து, ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்டனர்.

ஆகவே, இது நடக்கவே முடியாது என்று மறுப்பதும் பிழை; கேட்டவுடன் நம்புவதும் பிழை. விண்கல் காற்றினூடே எரிந்து வருவதால் அதன் மேல் மெல்லிய கருந்தோல் படிந்திருக்கும். இரும்பு விண்கல்லாயின் அதில் நிக்கல் கட்டாயம் இருக்கும். காந்தம் ஒட்டுவது மட்டும் சான்றாகாது. அச்சிறுவன் கொணர்ந்த கல்லை உடைத்துப் பார்த்தோம். உள்ளே தேன்கூடு போலக் குமிழ்த் துளைகள் தென்பட்டன. இரும்பு உருக்கும்போது எஞ்சும் கசடு அது. தொழிற்சாலைகள் சூழ்ந்த நம் பகுதியில் அது கிடைப்பதில் வியப்பில்லை. சிறுவனின் முகம் வாடியது. "பொய் சொல்லவில்லை ஹஜ்ரத், எல்லோரும் சொன்னார்கள்" என்றான். அந்த "எல்லோரும்" என்ற சொல் இன்றும் என் மனத்தில் நிற்கிறது.

நபி (ஸல்) அவர்களின் அருமை மகன் இப்ராஹீம் இறந்த அன்று சூரிய கிரகணம் ஏற்பட்டது. அம்மரணத்திற்காகவே சூரியன் இருண்டதென மக்கள் பேசினர். துயரின் உச்சத்தில் இருந்த ஒரு தந்தைக்கு அப்பேச்சு ஆறுதலாகக்கூட இருந்திருக்கலாம். ஆயினும் நபியவர்கள் அதை அப்படியே விட்டுவிடவில்லை. சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள். எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் அவை கிரகணம் அடைவதில்லை என்று தெளிவுபடுத்தினார்கள். செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்று சூரத்துல் ஹுஜுராத்தும் நமக்குக் கட்டளையிடுகிறது.

நாட்றம்பள்ளியில் இறந்தவர் அன்றாடம் வேலைக்குச் சென்ற ஓர் எளிய மனிதர். அவர் எதனால் இறந்தார் என்பது அவர் குடும்பத்தாருக்கு வேடிக்கைச் செய்தி அன்று. அது அவர்களின் உரிமை. காரணம் வானமாயின் அது விதி என்று பொறுத்துக்கொள்ளலாம். காரணம் மண்ணில் இருக்குமாயின், பொறுப்பேற்க வேண்டியவர் ஒருவர் இருப்பார். இன்னொரு உயிர் போகாமல் தடுக்கும் வழியும் இருக்கும். பாறைக்கு வெடி வைக்கும் ஓசை கேட்டு வளர்ந்த நம் மாவட்டத்து மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வெள்ளிச் சந்தையின் கூட்டத்தில் கேட்டதையும் கைப்பேசியில் வந்ததையும் மற்றவருக்குக் கடத்துமுன், முஹம்மது சயீத் செய்ததை நாமும் செய்வோம்: நேரில் சென்று பார்ப்போம், தோண்டுவோம், எடை போடுவோம். உண்மையை உண்மையாகக் காணும் பார்வையை அல்லாஹ் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் அருள்வானாக. ஆமீன்.