காசாளர் மேசை இல்லாத வைத்தியசாலைகள்

சில ஆண்டுகளுக்கு முன்னர் கொழும்பில் நடந்தது இது. கிளிநொச்சியிலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருந்த என் சித்தப்பாவுக்கு நள்ளிரவில் நெஞ்சுவலி. அருகிலிருந்த தனியார் வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடினோம். முற்பணம் கட்டிய பற்றுச்சீட்டைக் காட்டும்வரை அவர் தள்ளுகட்டிலிலேயே கிடந்தார். வங்கி அட்டையை எடுத்துவர ஆள் ஓடிய அந்த அரைமணி நேரத்தில் சின்னம்மா என்னிடம் கேட்டார்: “தம்பி, இஞ்சை காசைக் கண்டாப்பிறகே ஆளைப் பாப்பினம்?”

சித்தப்பா பிழைத்துக்கொண்டார். சின்னம்மாவின் கேள்விதான் என்னை விடவில்லை. அவர் அறியாமையினால் கேட்கவில்லை. 2009இல் எறிகணையில் காயப்பட்டுப் புதுமாத்தளனில் சிகிச்சை பெற்றவர் அவர். அங்கே அவரிடம் ஒருவரும் ஒரு சதம் கேட்கவில்லை. அரசாங்க வைத்தியசாலைக்குப் போயிருந்தால் கொழும்பிலும் கேட்டிருக்கமாட்டார்கள் என்பது உண்மை. ஆயினும் உயிர் ஊசலாடும்போது மனிதன் அருகிலுள்ள கதவைத்தான் தட்டுவான்.

இலங்கையில் இலவச வைத்தியம் வானத்திலிருந்து விழுந்ததன்று. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. 1934-35ஆம் ஆண்டுகளில் மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ எண்பதாயிரம் உயிர்களைக் கொண்டுபோனது. வாக்குக் கேட்டுக் கிராமத்துக்கு வந்தவர்களிடம் கிராமம் திருப்பிக் கேட்டது வைத்தியசாலையை. 1951இல் அரசாங்க வைத்தியசாலைகளில் கட்டணம் நீக்கப்பட்டது. 1971இல் வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிடும் முறை வந்தது. அற்பத் தொகைதான், ஆயினும் கூலிக்காரனை அது வாசலில் நிறுத்தி யோசிக்க வைத்தது. 1977இல் அதுவும் போயிற்று.

வன்னியைப் பொறுத்தவரை இது வெறும் கொள்கை விவகாரமன்று. காடும் குளமுமாக, மலேரியாவுக்குப் பேர்போன பிரதேசம் அது. குடிமனைகள் சிதறிக் கிடந்தன. பெரிய தனியார் வைத்தியசாலைகளுக்கு அங்கே வருமானம் இல்லை. எனவே அவை வரவுமில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியே கதி. ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும்: ஆஸ்பத்திரி இலவசம், ஆஸ்பத்திரிக்குப் போவது இலவசமாக இருக்கவில்லை. உழவு இயந்திரத்துக்கு டீசல் தேடவேண்டும். 1990இன் பின்னர் பொருளாதாரத் தடையினால் டீசலும் அரிது, மருந்தும் அரிது. மேலதிக சிகிச்சைக்கு வவுனியாவுக்குப் போவதற்கு அனுமதி வேண்டும். வன்னி நோயாளியிடம் பணத்தைக் கேட்கவில்லை, பாஸைக் கேட்டார்கள். உயிருக்கு முன்னால் ஒரு காகிதத்தை வைப்பதில் இரண்டும் ஒன்றுதான்.

1996 செப்டெம்பரில் கிளிநொச்சி வீழ்ந்தபோது வைத்தியசாலை அக்கராயனுக்கு இடம்பெயர்ந்தது. 2008இன் பிற்பகுதியில் மறுபடியும் ஓட்டம் தொடங்கியது. தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு என்று மக்களோடு வைத்தியசாலையும் நடந்தது. 2009 பெப்ரவரித் தொடக்கத்தில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை எறிகணை வீச்சுக்குள்ளாகிக் கைவிடப்பட்டது. அடுத்து புதுமாத்தளன், பின்னர் முள்ளிவாய்க்கால். மயக்க மருந்து போதவில்லை, இரத்தம் போதவில்லை. அங்கே நின்ற வரதராஜா, சத்தியமூர்த்தி, சண்முகராஜா முதலிய வைத்தியர்கள் அரசாங்க ஊழியர்கள். வந்தவரைத் தரையில் கிடத்தியேனும் பார்த்தார்கள். சர்வதேச செஞ்சிலுவைக் குழு பெப்ரவரி முதல் மே 9 வரை கப்பலில் ஏற்றிச்சென்ற காயப்பட்டோர், நோயாளர், அவர்களுடன் சென்றோர் ஏறத்தாழ 14,000 பேர். சின்னம்மாவும் அவர்களில் ஒருவர்.

அண்டை நாடான இந்தியாவில் இந்தக் கடமையை நீதிமன்றம் எழுதிவைக்க வேண்டியிருந்தது. காயப்பட்டு வருபவரைச் சட்ட நடைமுறைகளுக்காகக் காத்திருக்க வைக்காமல் உயிரைக் காப்பது அரசாங்க, தனியார் வைத்தியர் அனைவரின் கடமை என்று 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1992இல் மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்த ஒரு தொழிலாளியை அரசாங்க வைத்தியசாலைகள் இடமில்லை என்று ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. அவர் தனியாரிடம் சுமார் 17,000 ரூபா செலவழித்து உயிர் தப்பினார். அரசியலமைப்பு தரும் உயிர்வாழும் உரிமை மீறப்பட்டது என்று 1996இல் தீர்ப்பாகி, 25,000 ரூபா இழப்பீடு கிடைத்தது. தமிழ்நாட்டில் 2021 டிசெம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம், வீதி விபத்தில் சிக்கியவரின் முதல் 48 மணிநேரச் சிகிச்சைச் செலவை, பட்டியலிடப்பட்ட தனியார் மருத்துவமனைகளிலும், ஒரு லட்சம் ரூபா வரை அரசே ஏற்க வழிசெய்தது.

நம்மிடம் என்ன இருக்கிறது? 1978ஆம் ஆண்டின் இலங்கை அரசியலமைப்பில் சுகாதாரம் அடிப்படை உரிமையாக எழுதப்படவில்லை. உயிர்வாழும் உரிமைகூட வெளிப்படையான சொற்களில் இல்லை. எழுபதாண்டு காலமாக நம்மைக் காத்துவந்தது பெரும்பாலும் ஒரு வழக்கம். 2018 ஜூலையில் வடக்குக்கு வந்த 1990 இலவச அம்புலன்ஸ் சேவை அந்த வழக்கத்தின் நல்ல பிள்ளை. டீசல் தேடிய தலைமுறைக்கு அதன் அருமை தெரியும். ஆனால் 2022இன் பொருளாதார நெருக்கடியில் மருந்துத் துண்டைக் கையில் கொடுத்து வெளியே வாங்கிவரச் சொன்ன காலத்தையும் பார்த்தோம். வாசலில் இல்லாத காசாளர் மேசை, அப்போது தெருமுனை மருந்துக்கடையில் இருந்தது.

வழக்கமாக வந்தது வழக்கமாகவே போய்விடலாம். ஆகவே, அவசர நோயாளியை முதலில் பார், கணக்கைப் பிறகு பார் என்பது தனியாரையும் கட்டுப்படுத்தும் தெளிவான உரிமையாக எழுதப்படவேண்டும் என்பது என் கருத்து. செலவை யார் ஏற்பது என்பதைப் பேசித் தீர்க்கலாம். அதற்கு நேரம் உண்டு. தள்ளுகட்டிலில் கிடப்பவருக்கு அந்த நேரம் இல்லை.

அன்றிரவு சின்னம்மாவுக்கு நான் பதில் சொல்லவில்லை. “ஓம் சின்னம்மா, இஞ்சை அப்படித்தான்” என்று சொல்ல வாய் வரவில்லை. எதுவுமே இல்லாத இடத்தில் வைத்தியம் பெற்று வந்தவரிடம், எல்லாம் இருக்கும் இடத்தின் வழமையை எந்த முகத்தோடு விளக்குவது?