மழைக்கு முன் விரால்: எங்கே தேடுவது, எதை விடுவது

மே மாதம் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் களு கங்கையும் அதில் சேரும் ஓடைகளும் கலங்கிப் பெருகும். இரத்தினபுரிப் பக்கத் தோட்டங்களில் தூண்டில் போடுபவர்களுக்கு அதற்கு முந்தைய மார்ச், ஏப்ரல்தான் தோதான காலம்.

சிங்களத்தில் லூலா எனப்படும் விராலுக்கு ஓடும் ஆற்றைவிடத் தேங்கிய நீரே பிடிக்கும்: வயல் வாய்க்கால், சதுப்பு, மூடாமல் விட்ட மாணிக்கக் குழி. (குழியின் கரை இடியும், தனியே போகாதீர்கள்.) காற்றையும் சுவாசிக்கும் மீன் என்பதால் அடிக்கடி மேலே வந்து வாய் திறக்கும். அந்தச் சலனம் தெரிந்த இடத்தில், புல் ஓரமாக, சிறு மீனையோ தவளையையோ கோர்த்துப் போட வேண்டும். இரை அசைந்தால்தான் பாயும்.

செம்மஞ்சள் குஞ்சுகள் திரளாக மேலே துடித்தால், அடியில் காவல் விரால் நிற்கிறது. கிட்டே வரும் எதையும் அது தாக்கும். அதனால் பிடிப்பது மிக எளிது. பலர் இதைக் கெட்டித்தனம் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காவல் போனால் அந்தக் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்று தீர்க்கும், ஒரு கறிக்காக ஒரு தலைமுறையே போகும். குஞ்சுகள் நிறம் மாறிக் கலைந்தபின் பிடிக்கலாம்.

நஞ்சும் வெடியும் 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் வளங்கள் சட்டப்படி குற்றம்.