பேர் எழுதாத கூலிகள்

நடவு முடிஞ்சாச்சு. தண்ணி பாயுற நேரம் மோட்டார் கொட்டகையில உட்கார்ந்து ஒரு நாவலை முடிச்சேன். மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் எழுதின ‘சயாம் மரண ரயில்’. அதுலேர்ந்து மனசு அந்த ரயில் பாதையிலேயே கிடக்குது.

இரண்டாம் உலகப் போர்ல பர்மாவைப் பிடிச்ச ஜப்பான்காரனுக்கு, அங்க இருந்த படைக்குச் சாமான் அனுப்பணும். கப்பல்ல போனா நீர்மூழ்கி அடிக்குது. அதனால சயாம்லேர்ந்து பர்மாவுக்குக் காட்டை வெட்டி 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டான். 1942ல ஆரம்பிச்சு 1943 அக்டோபர்ல முடிச்சுட்டான். அதுல வேலை செஞ்ச வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல. ஆசியக் கூலிகள் சுமார் 2 லட்சம். மலேயாவிலேர்ந்து போனவங்கள்ல பெரும்பகுதி ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள்.

ஏன் போனாங்க? ரப்பர் ஏற்றுமதி நின்னு போச்சு, தோட்டத்துல வேலை இல்ல, அரிசியும் இல்ல. மூணு மாச வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி கூலின்னு சொன்னதும் முதல்ல நம்பித்தான் கிளம்பினாங்க. போனவங்க திரும்பலன்னு தெரிஞ்சதும் யாரும் வரல. பிறகு பிடிச்சுக்கிட்டுப் போனான். இலவச சினிமான்னு கூட்டம் சேர்த்து, கதவைப் பூட்டி ஏத்திக்கிட்டுப் போன கதையும் உண்டு.

செத்த கணக்கு இப்படி: கைதிகள்ல சுமார் 12,000 பேர். கூலிகள்ல 90,000 இருக்கும்னு குத்துமதிப்பா சொல்றாங்க. ஒரே காடு, ஒரே மழை, ஏன் இவ்வளவு வித்தியாசம்? கைதிகளோட அவங்க ராணுவ டாக்டர்களும் இருந்தாங்க. தண்ணியைக் காய்ச்சாம குடிக்காதேன்னு உத்தரவு போட அதிகாரி இருந்தார். நம்ம ஆளுங்களுக்கு ரெண்டும் கிடையாது, ஆத்துத் தண்ணிதான். 1943 மழையோட காலரா வந்தப்போ கொட்டகை கொட்டகையா காலியாச்சு. மூங்கில் கீறின காயம் சீழ் வெச்சுக் காலையே தின்னுச்சு. மூங்கில் வெட்டின கைக்குத்தான் அந்தக் கீறல் தெரியும்.

கைதிகள் செத்தவங்க பேரை ஒளிச்சு ஒளிச்சு எழுதி வெச்சாங்க. காஞ்சனபுரிக் கல்லறையில இன்னைக்கும் பேர் பொறிச்ச வரிசை இருக்கு. கூலிகளுக்கு அப்படி எழுத ஆள் இல்ல. நூறு நாள் வேலைக்கே நாம வருகைப் பதிவு பார்க்கிறோம்!

‘குவாய் நதிப் பாலம்’ சினிமா பலரும் பார்த்திருப்பீங்க. 1957ல வந்தது, இலங்கையில எடுத்தது. அதுல தமிழ்க் கூலியைத் தேடினாலும் கிடைக்க மாட்டான். இதுல எனக்கு ஆறாத விஷயம் ஒண்ணு: மூல நாவலை எழுதின பியர் பூல், போருக்கு முன்னாடி மலேயா ரப்பர் தோட்டத்துல வேலை பார்த்த பிரெஞ்சுக்காரர். பால் வெட்டின தமிழர்களைத் தெரியாதவர் இல்ல. பின்னாடி இந்தோசீனாவுல அவரும் சிறைப்பட்டவர்தான்.

கைதிகளோட டைரிகள் புத்தகமா நிறைய வந்திருக்கு. நம்ம பக்கம் திரும்பி வந்தவங்க வாய்மொழியும், சண்முகம், அ. ரெங்கசாமி மாதிரி ஆளுங்க எழுதின நாவலும்தான் மிச்சம். ரெங்கசாமியோட ‘நினைவுச் சின்னம்’ அடுத்து படிக்கணும்.

உங்க வீட்டுல மலேயா போய்த் திரும்பாத தாத்தா யாராவது இருந்தா, அவர் பேரையும் எந்தத் தோட்டம்கிறதையும் பெரியவங்ககிட்ட கேட்டு எழுதி வைங்க. கடைசி வயல் நிரம்பியிருக்கும், மோட்டாரை நிறுத்தணும்.